இரண்டு கையாலும் வாங்கிய கொம்பு

கடலே இல்லாத ஊருக்குப் போகிறவனிடம் கருவாடு கொடுத்தனுப்புவது நல்ல யோசனையா, கெட்ட யோசனையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. யோசனை என் மனைவியுடையது.

"மலைல பொறந்து வளந்தவுங்க வஞ்சிரக் கருவாட்ட எங்க பாத்திருக்கப் போறாங்க? ஒரு துண்டு வறுத்துத் தின்னாங்கன்னா நம்மள ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க" என்றாள். எங்கள் கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் தெரிந்த மீனவர் வீட்டில் சொல்லிவைத்து வாங்கி, கவருக்குள் கவர் போட்டு, என் வேட்டி சட்டைகளுக்கு நடுவே புதைத்து வைத்தாள். சீனாவில் கால் வைத்த முதல் விமான நிலையத்தில், காது தொங்கிய குட்டை நாய் ஒன்று என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து மரியாதையாக உட்கார்ந்தது. வரவேற்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அதன் தலையைத் தடவிக் கொடுத்தேன். பின்னாலேயே வந்த சீருடைக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கருவாடு அவர் கையுறையில் தொங்கியபடி போயே போய்விட்டது. கூட வைத்திருந்த பண்ருட்டி முந்திரி மட்டும் தப்பியது. கடலூரின் மானத்தை முந்திரிதான் காப்பாற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது.

நான் ஊர் பார்க்கப் போனவன் இல்லை. கடலூர் பழைய டவுனான ஓ.டி.யில் படகு எஞ்சினுக்கு உதிரி பாகம் விற்கிற கடைக்காரன். என்னை அனுப்பியது சிதம்பரத்தில் இருக்கும் என் அக்கா விஜயா. அக்காவுக்கு ஒரே மகள், மதி. சிதம்பரத்திலேயே கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சீனாவில் குய்சோ என்ற மலை மாகாணத்துக்கு வேலைக்குப் போனாள். எந்தத் திசையில் நடந்தாலும் கடல் கண்ணில் படாத மாகாணம். அங்கே கூட வேலை செய்கிற ஷெங் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு நாள் போனில் சொன்னாள். பையன் மியாவோ என்கிற மலை மக்களின் வீட்டுப் பிள்ளை. அன்றிலிருந்து அக்கா மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அக்கா வீட்டுக்காரர் பேப்பர் படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மதியே ஒரு வழி சொன்னாள். "நீங்க யாரும் வர வேணாம். மாமா வந்து பாக்கட்டும். மாமா வேணாம்னு சொன்னா நான் விட்டுடறேன்." அந்த மாமா நான்தான். மதி சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் அம்மா வழிச் சொத்து.

அக்கா என்னைச் சிதம்பரத்துக்கு வரவழைத்து, காப்பி டம்ளரைக் கொடுத்த கையோடு உத்தரவையும் கொடுத்தாள். "போ, பாரு, ஏதாச்சும் ஒரு கொறைய கண்டுபுடி. சரிப்படாதுன்னு சொல்லிட்டு அவளயும் கையோட கூட்டிட்டு வா. நீ தாய்மாமன்டா. ஒனக்கு இல்லாத உரிமையா?"

சில வருஷங்களுக்கு முன்னால், இதே கூடத்தில், என் மகன் பிரபுவுக்கு மதியைக் கேட்டு நின்றவன் நான். "மாமன் மகன், அத்த மகள்லாம் அந்தக் காலம்டா. சொந்தத்துல குடுக்கக் கூடாதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க" என்று இதே அக்காதான் அன்றைக்குச் சொல்லி அனுப்பினாள். அன்று இல்லாத உரிமை இன்று எங்கிருந்து வந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அக்காவைக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

மாகாணத் தலைநகர் குய்யாங்கில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. "எப்ப நிக்கும்?" என்று மதியைக் கேட்டேன்.

"நிக்காது மாமா" என்றாள்.

சேர்ந்தாற்போல் மூன்று நாள் வெயிலும் கிடையாது, மூன்று அடி சமதரையும் கிடையாது என்று அந்த ஊர்க்காரர்களே தங்கள் ஊரைப் பற்றிப் பழமொழி வைத்திருக்கிறார்களாம். கடலூரில் மழை என்றால் புயலாக வந்து கூரையைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஒரேயடியாகப் போய்விடும். இந்த மழை, கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று சொல்லி வாசலிலேயே நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி. சரி, முதல் குறை கிடைத்துவிட்டது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மதிக்குப் பின்னால் குடையோடு நின்ற ஒல்லியான கண்ணாடிக்காரன் குனிந்து, "வணக்கம் மாமா" என்றான். தமிழில். அவன்தான் ஷெங். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். தம்பி என்றால் முறை கெட்டுவிடும். பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் அந்தப் பேர் நான் சொன்னால் வேறு யாருடைய பேரோ போல இருந்தது. கடைசியில் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடைக்குள் போய் நின்றேன். அடுத்த இரண்டு நாளும் அந்த "ம்"மை வைத்தே ஓட்டினேன்.

சாப்பிடக் கூட்டிப் போனார்கள். மிளகாய்ப் பொடி போட்டுப் பிரட்டிய வெள்ளை வேர்த் துண்டுகள் முதலில் வந்தன. ஒன்றை வாயில் வைத்தேன். பச்சை மீன் வாடை! துறைமுகத்தில் ஏலம் முடிந்து தரையைக் கழுவுவதற்கு முன்னால் அடிக்குமே, அதே வாடை. "மீனா?" என்றேன்.

"இல்ல மாமா, செடியோட வேரு. இங்க எல்லாருக்கும் இதுன்னா உசுரு."

எனக்குத் தலை சுற்றியது. நிஜ மீனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மீன் வாடை அடிக்கிற வேரைப் போடுகிறார்கள். கடலைப் பார்க்காத மண்ணுக்கு இந்த வாடை எங்கிருந்து வந்தது? இரண்டாவது குறை என்று நினைக்கும்போதே மீன் குழம்பு வந்துவிட்டது. புளி என்பதே அவர்களுக்குத் தெரியாது. தக்காளியை ஜாடியில் போட்டுப் பல நாள் புளிக்க வைத்து, அந்தச் சாற்றில் ஆற்று மீனைக் கொதிக்க விடுகிறார்கள். எலுமிச்சை வாசம் அடிக்கும் ஒரு காட்டுக் காய் மேலே மிதக்கிறது. ருசி என்றால் அப்படி ஒரு ருசி. இதை மட்டும் ஊரில் என் மனைவி காதில் போட்டுவிடக் கூடாது.

மறுநாள் மாகாணத்திலேயே பெரிய அருவிக்குக் கூட்டிப் போனார்கள். எனக்கு மலை என்றால் கடலூர் கேப்பர் மலை. சைக்கிளை மிதித்தே ஏறிவிடலாம். இங்கே பள்ளத்தாக்கில் இறங்குவதற்கு ஜவுளிக்கடையில் இருப்பது போல எஸ்கலேட்டர் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கூரை வேறு. இறங்கி, அருவிக்குப் பின்னாலேயே ஓடுகிற குகைக்குள் நடந்தோம். தண்ணீர்த் திரை வழியாக எதிர்ப்பக்கம் கூட்டம் கலங்கலாகத் தெரிந்தது. மேலிருந்து மழை, முன்னாலிருந்து அருவி, குகைக் கூரையிலிருந்து சொட்டுத் தண்ணீர். எந்தத் தண்ணீருக்கு எந்தப் பக்கம் குடை பிடிப்பது என்று தெரியாமல் குடையை மடக்கி மதியிடம் கொடுத்தேன். "ஏங்க, அந்த வெளிநாட்டுக்காரரப் பாருங்க, குடைய வச்சுக்கிட்டே நனையிறாரு" என்று பின்னால் ஒரு அம்மா சொன்னதாக மதி பிறகு மொழிபெயர்த்தாள்.

அடுத்த நாள் ரயிலில் ஷெங்கின் கிராமத்துப் பக்கம் கிளம்பினோம். ரயில் வெளிச்சத்தில் போனதைவிட மலைக்குள் போனதுதான் அதிகம். இறங்க வேண்டிய ஊரின் பெயர் கைலி. பரங்கிப்பேட்டையிலிருந்து என் கடைக்கு வருகிற பாய்களிடம் கைலிக்குப் போய் வந்தேன் என்றால் நம்புவார்களா என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். அங்கிருந்து ஷெங் கார் ஓட்டினான். வளைவுக்கு மேல் வளைவு. மூடுபனியில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. ஓரிடத்தில் வண்டி சத்தமில்லாமல் நின்றுவிட்டது.

எனக்கு உயிர் வந்தது. மூன்று நாளாக எதுவும் புரியாமல் சுற்றுகிறவனுக்குப் புரிந்த ஒரு விஷயம் கிடைத்துவிட்டது: எஞ்சின் நின்றுவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். "பானெட்ட தொறக்கச் சொல்லு" என்றேன். ஷெங் மதியைப் பார்த்தான். மதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரும்மா, எனக்குத் தெரியும்" என்றேன். திறந்தான். உள்ளே எஞ்சினே இல்லை. சுத்தமாகத் துடைத்த ஒரு பெட்டி, அதில் ஒரு ஜோடி மழைச் செருப்பு. பேட்டரி வண்டி! முன்னால் சாலையில் சரிந்த மண்ணை வாருகிறார்கள், அதற்காகத்தான் நிறுத்தியிருக்கிறான். ஷெங் சிரிக்காமல் பானெட்டை மூடினான். அவன் சிரிக்காமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துவிட்டதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

கிராமத்தில் வீடுகள் எல்லாம் மரம். மலைச் சரிவில் தூண் ஊன்றி, ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்பது போல நின்றன. ஊர் வாசலில் மூங்கில் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய வாத்தியத்தை ஊதிக்கொண்டு ஆண்கள் ஆடினார்கள். பெண்கள் தலையில் வெள்ளிக் கிரீடம். கிரீடத்தில் எருமைக் கொம்பு மாதிரி இரண்டு வெள்ளிக் கொம்புகள். அசைந்தால் மொத்த ஊரும் கொலுசு போட்டது போலக் கேட்டது. யாருக்கு இந்த வரவேற்பு என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

வழியை மறித்து நின்ற பெண்களில் மூத்தவர், நிஜ எருமைக் கொம்பு நிறைய அரிசிக் கள்ளை என் வாய்க்கு நேராக நீட்டினார். பெரியவர்கள் கொடுப்பதை ஒரு கையால் வாங்கினால் முதுகில் அறை விழுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். குனிந்து, இரண்டு கையாலும் வாங்கி, கோயில் பிரசாதம் போலக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

ஊரே ஆர்ப்பரித்தது. மதி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மாமா! கையால தொடக் கூடாது! கைய பின்னால கட்டிக்கிட்டு வாய மட்டும் குடுக்கணும். தொட்டுட்டா முழுசையும் குடிச்சாகணும்!"

"இத முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"நீங்க புடுங்கிக்குவீங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

நான் குடிக்காதவன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொம்பில் குடித்தவன் இல்லை. கொம்பைக் கீழே வைக்கவும் முடியாது, சாய்ந்து கொட்டிவிடும். குடித்து முடித்து நாலடி நடந்தால் அடுத்த வரிசைப் பெண்கள், அடுத்த கொம்பு. பாழாய்ப்போன கைகள் தானாகவே நீண்டன. மதி பாய்ந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அப்படியே ஊருக்குள் போனேன்.

சாப்பாட்டில் என்னைத் தலைமை இடத்தில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் கறுப்புத் தலைப்பாகை கட்டிய பெரியவர். ஷெங்கின் அம்மாவுக்கு அண்ணன். அதாவது அவனுடைய தாய்மாமன். அவருக்கு மியாவோ மொழிதான் வரும். அவர் சொல்வதை ஷெங் சீனத்தில் சொல்ல வேண்டும், அதை மதி தமிழில் சொல்ல வேண்டும். என் முட்டியைத் தட்டி அவர் முதலில் சொன்னது இரண்டு கை மாறி இப்படி வந்து சேர்ந்தது: "வானத்துல இடி பெருசு, பூமியில தாய்மாமன் பெருசு. அப்பா அம்மா வராம நீங்க வந்ததுதான் சரியான மொற."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கடலூரில் என் வீட்டு நாய்கூட எனக்கு இந்த மரியாதை கொடுத்ததில்லை. இன்னொரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டேன். பெரியவர் அடுத்ததாக ஏதோ கேட்டார். நீளமாகக் கேட்டார். ஷெங் உடனே சொல்லவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு மதியிடம் சொன்னான். மதி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அவர் கேக்குறாரு மாமா... இவங்க பழக்கத்துல அக்கா தங்கச்சி பொண்ணு மொதல்ல தாய்மாமன் வீட்டுக்குத்தான் போகணும். தாய்மாமனுக்குப் பையன் இருந்தா அவனுக்குத்தான் மொத உரிம. இப்பல்லாம் யாரும் அப்புடிக் கட்டிக்கிறதில்ல. ஆனா தாய்மாமனக் கேக்காம பொண்ணு எடுக்கறதில்ல. ஒங்களுக்குப் பையன் இருக்கானா? அவனுக்கு இந்தப் பொண்ணு வேணுமா, இல்ல நீங்க விட்டுக் குடுக்குறீங்களான்னு கேக்குறாரு." அவள் குரல் கம்மியது. "வேணும்னு சொன்னீங்கன்னா அவங்க கோவப்பட மாட்டாங்களாம். இன்னொரு வாட்டி ஊத்திக் குடுத்து, ஒங்க கூடவே என்னை மரியாதையா அனுப்பி வச்சிடுவாங்களாம்."

எனக்குக் குடித்தது இறங்கியதா ஏறியதா என்று தெரியவில்லை. சிதம்பரத்தில் இல்லை என்று தள்ளிய உரிமை, கடலே இல்லாத ஒரு மலை உச்சியில் தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. குறை எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மழை, வேர், மலைப்பாதை எதையும் சொல்ல வேண்டாம். "வேணும்" என்று ஒரு சொல் போதும். அக்கா சொன்ன வேலை முடிந்தது, யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை.

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லு" என்றேன். "குடிச்சிட்டு வாக்குக் குடுக்கக் கூடாது."

இதைக் கேட்டதும் பெரியவர் மேசையைத் தட்டி மெச்சினார். ஷெங் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

காலையில் மூடுபனி சற்று விலகி, கீழே படிப்படியாக வயல் தெரிந்தது. எங்கள் பக்கம் வயல் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இங்கே மலையில் செங்குத்தாக ஏறி நிற்கிறது. நாற்றுக்கு நடுவே மீன் வளர்க்கிறார்கள். மதியும் நானும் வரப்பில் நடந்தோம். கேட்டுவிட்டேன். "நேத்து அந்தக் கேள்விய நீ மாத்திச் சொல்லியிருக்கலாமே. எனக்கு என்ன தெரியப் போவுது?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தாள். "அப்பறம் நீங்க சரின்னு சொன்னாலும் அது சரின்னு ஆயிடுமா மாமா? ஷெங்கும் மாத்தலியே. அவனுக்கும்தான் அதச் சொல்ல வாய் வரல."

வரப்பு வழுக்கியது, அதைப் பார்த்து நடப்பதாகக் காட்டிக்கொண்டேன்.

வீட்டில் ஷெங்கின் அம்மா வேலையில் இருந்தார். தணலில் உருகும் தேன்மெழுகைச் சின்னச் செப்புக் கத்தியால் தொட்டு, வெள்ளைத் துணியில் கோடு இழுக்கிறார். அளவுகோலும் இல்லை, பென்சிலும் இல்லை. பட்டாம்பூச்சி, மீன், பறவை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய் வருகின்றன. பிறகு துணியை நீலச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்து மெழுகைக் கொதிநீரில் உருக்கி எடுத்தால், மெழுகு இருந்த இடமெல்லாம் வெள்ளை. நாட்டு மருந்துக் கடையில் நரைக்கு விற்கிற அவுரிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் போல ஏதோ ஒரு செடிதான் சாயம். முழங்கைவரை அவருக்கு நீலம். எதிரே ஸ்டாண்டில் ஒரு போன். நாடு பூராவும் பார்க்கிறார்கள், நேரலையிலேயே வியாபாரம். பேசிக்கொண்டே விற்று, விற்றுக்கொண்டே வரைகிறார். திடீரென்று என்னைக் கேமரா முன்னால் இழுத்து, தோளில் ஒரு துணியைப் போர்த்தி என்னவோ சொன்னார். திரையில் இதயக் குறிகள் கொட்டின. என்னை வைத்து மூன்று துணி விற்றுவிட்டதாக மதி சொன்னாள். என்ன சொல்லி விற்றார் என்று கேட்டேன். "எங்க வீட்டுக்கு வந்திருக்கற பெரிய மனுஷன். இன்னிக்கு என் மகன் தலையெழுத்து இவரு வாயில இருக்கு" என்றாராம். அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கத்தி பிடித்த கை மட்டும் ஒரு கோட்டை அழித்து மறுபடி இழுத்தது.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"இதவிட என்னடா வேணும்?" என்றாள். "நடராசரே காட்டுன வழி. என் மகனுக்கு வேணும்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு."

"பிரபுவுக்குக் குடுக்க மாட்டேன்னு நீதானக்கா சொன்ன?"

"ஆமா சொன்னேன். இப்ப மட்டும் குடுக்கப் போறனா? சும்மா சொல்லுடா. இங்க வந்தப்பறம் வேற நல்ல எடமா பாத்துக்கலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காமேல் கோபம் வருவது எனக்குப் பழக்கமில்லாததால் முதலில் அது பசி என்றுதான் நினைத்தேன். உண்மையாகக் கேட்டபோது இல்லை என்ற உரிமையை, பொய் சொல்வதற்கு மட்டும் எடுத்துக்கொள் என்கிறாள். மொழி தெரியாத ஒரு பெரியவர், நான் ஆசைப்பட்டிருப்பேனோ என்று யோசித்துக் கேட்டாரே, அவரிடம் போய்ப் பொய் சொல்வதா?

மதியச் சாப்பாட்டில் எல்லோரும் கூடியதும் எழுந்து நின்றேன். "மதி, நான் சொல்றத அப்புடியே சொல்லு" என்றேன்.

"எனக்கு ஒரு பையன் இருக்கான். இந்தப் பொண்ண அவனுக்குக் கேட்டேன். எனக்கு ரொம்ப ஆச இருந்துச்சு. கெடைக்கல. என் மனசுல என்ன இருக்குன்னு எங்க ஊர்ல ஒருத்தரும் என்னைக் கேக்கல. நீங்க கேட்டீங்க. அது போதும். நான் முழு மனசா விட்டுக் குடுக்கறேன்."

மதி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். தமிழ் தெரிந்த ஒரே ஆள் அவள்! ஷெங் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. அவன் அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். பெரியவர் நிதானமாக எழுந்து ஒரு கொம்பில் கள் ஊற்றி என்னிடம் கொண்டுவந்தார். நான் "வேணும்" என்று சொன்னதாக நினைத்து, சொன்ன சொல் தவறாமல் மதியை என்னோடு அனுப்பத் தயாராகிவிட்டார்!

"இல்ல, இல்ல! அது இல்ல! மதி, சொல்லித் தொலம்மா!" என்று கத்தினேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள். "ஓகே, ஓகே" என்று கட்டை விரலைக் காட்டினேன். மதியைக் கூட்டிப் போவதற்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெரியவர் தலையாட்டினார். என் வாழ்நாளில் அப்படி ஒரு தவிப்பை அனுபவித்ததில்லை. கடைசியில் ஷெங்கின் கையைப் பிடித்து இழுத்து, மதியின் கையைப் பிடித்து இழுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்து மேலே என் கையை வைத்து அழுத்தினேன். பிறகு பெரியவரிடமிருந்து கொம்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஷெங்கின் அம்மா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளியதில் நீலம் ஒட்டி, ஊர் வந்து சேரும்வரை போகவில்லை.

மாப்பிள்ளை என்று அவனை முதல் தடவையாகக் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான். புரிந்ததோ புரியவில்லையோ, "மாமா" என்றான்.

ஊருக்கு வந்ததும் கடலூர்கூடப் போகாமல் நேராகச் சிதம்பரம் போனேன். அக்கா வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அக்கா என் பின்னால் எட்டிப் பார்த்தாள். மதி வரவில்லை என்று தெரிந்தது.

"என்னடா சொன்ன?"

"விட்டுக் குடுத்துட்டேன்கா."

"என் பொண்ண விட்டுக் குடுக்க நீ யாருடா?"

"நான் யாருமில்லன்னு நீ அப்பவே சொல்லிட்டியே. அவங்கதான் என்னை யாரோன்னு நெனச்சுக் கேட்டாங்க" என்றேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மச்சான், அங்க மழ ஜாஸ்தியோ?" என்று குரல் வந்தது. "ஜாஸ்திதான் மாமா" என்றேன். பிறகு அக்காவிடம், அந்தக் கேள்வி என்னிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொன்னேன். தன் கல்யாணத்தையே முறித்துப் போடக்கூடிய கேள்வியை அந்தப் பையன் மதியிடம் சொன்னான், மதி என்னிடம் சொன்னாள். இரண்டு பேரில் யார் நினைத்திருந்தாலும் ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கலாம்.

"அப்புடியேவா சொன்னா?" என்றாள் அக்கா.

"கொரல் கம்மிப்போயிதான் சொன்னா. ஆனா எதையும் மறைக்கல."

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "அவ்வளவு தூரத்துக்குக் குடுக்கறதுக்கு, ஒன் மகனுக்கே குடுத்திருக்கலாம்டா" என்றாள்.

எத்தனையோ வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கியிருக்கிறேன். வந்தால் மனது குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வந்தபோது ஒன்றும் குளிரவில்லை. வலித்தது. அவளுக்கும் வலிக்கிறதே என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். வழக்கமான குரல் வந்துவிட்டது. "அவங்கள இங்க வரச் சொல்லு. கல்யாணம் இந்த ஊர்லதான். ஒன் மகனோட உரிமயத்தான விட்டுக் குடுத்த? தாய்மாமன் சீரையும் விட்டுக் குடுத்துட்டேன்னு வந்து நிக்காத. அத வேற எவன்டா செய்வான்?"

"நான்தான்கா செய்வேன்" என்றேன்.